கம்பியை விட்டவர்

ஐந்தாம் மாடியில் தனியாக இருந்த டீச்சரம்மா ஒரு தடவை லிஃப்டில் மாட்டிக்கொண்டார். மின்சாரம் போய், விளக்கு அணைந்து, இரண்டு மாடிக்கு நடுவில் பெட்டி நின்றுவிட்டது. லிஃப்ட் பழுது பார்க்கிறவர் வந்துதான் கதவைத் திறந்து, கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அதோடு அந்த அம்மாவுக்கு லிஃப்ட் என்றாலே குலை நடுங்க ஆரம்பித்தது. முழங்கால் வலியோடு படியிலும் இறங்க முடியாது. கீழே வருவதையே நிறுத்திவிட்டார்.

இது அந்த லிஃப்ட்காரர் காதுக்குப் போனது. அடுத்த விடுமுறை நாளில் அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் ஐந்தாம் மாடிக் கதவைத் தட்டினார்.

"டீச்சர், பெட்டியில ஒரு சத்தம் வருதாம். என்னன்னு பார்க்கணும். தனியாப் போக எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு. துணைக்கு வரீங்களா?"

டீச்சரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "லிஃப்ட்காரருக்கே பயமா?"

"எங்களுக்குத்தான் டீச்சர் அதிகம். உள்ளே என்னென்ன இருக்குன்னு தெரியுமே."

துணைக்குப் போன டீச்சரம்மா அடுத்த வாரமும் போனார். அப்புறம் தானாகவே இறங்கி வர ஆரம்பித்தார். பெட்டியில் ஒரு சத்தமும் இல்லை என்பது வாசலில் உட்கார்ந்திருந்த காவல்காரருக்கு மட்டும் தெரியும். அவர் சொல்லித்தான், வெகுநாள் கழித்து, லிஃப்ட்காரரின் மச்சானுக்கே தெரிந்தது.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி; இரண்டு பேரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். குத்துக்காலிட்டுச் செய்கிற வேலை என்பதால் சாயங்காலம் ஆனால் காலை நீட்டிக் குதிக்க வேண்டும் போல இருக்கும். வாய் கொஞ்சம் அதிகம். வேலை முடிந்ததும் இரண்டு பேரும் கிடங்குக்குப் பின்னால் இருக்கிற மைதானத்துக்கு வாலிபால் ஆடப் போவார்கள். மச்சான் பந்தைத் தூக்கிக் கொடுப்பார். லிஃப்ட்காரர் எகிறி அடிப்பார். ஐம்பதைத் தொட்ட ஆள் என்று அப்போது யாரும் சொல்ல மாட்டார்கள். பந்து எதிர்ப்பக்கத்துத் தரையில் விழுகிற சத்தத்தைக் கேட்டு மச்சானுக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும்.

அந்த வருஷம் பக்கத்து ஆலைக்காரர்களோடு போட்டி வைத்திருந்தார்கள். பயிற்சி சூடு பிடித்த சமயத்தில்தான் அது வந்தது. முதல் செட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவது செட்டில் நாலைந்து பந்து அடித்ததும் லிஃப்ட்காரர் முகம் வெளுத்தது. வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். மூச்சு வாங்கியது. கொஞ்சம் உட்கார்ந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது.

"என்ன பண்ணுது மச்சான்?"

"வலின்னு சொல்ல முடியல. நெஞ்சுக்குள்ள லிஃப்ட் நடுவுல நின்னுட்ட மாதிரி இருக்கு. மேலயும் போகல, கீழயும் இறங்கல, கதவும் திறக்கல."

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வாயு என்றார் ஒருவர். வயசாகுது, வலையை விட்டுப் பின்னால் நின்று ஆடு என்றார் இன்னொருவர். எதிர்ப்பக்கம் ஆடுகிற வெல்டர்தான் மனசில் தைக்கிற மாதிரி சொன்னார்: "தோக்குற செட்டுல மட்டும் நெஞ்சு அடைக்குது பாருங்க. நல்ல நெஞ்சுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். லிஃப்ட்காரரும் சிரித்தார். மச்சானுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அப்பா ஒருநாள் வாயு என்று சொல்லிக்கொண்டு படுத்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அக்காவுக்கும் அது ஞாபகம் இருந்தது. புருஷன் மைதானத்திலிருந்து திரும்பி வரும்வரை வாசலுக்கும் விளக்கு மாடத்துக்குமாக நடந்துகொண்டே இருப்பாள், உதடு ஏதோ வேண்டிக்கொண்டே இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இளவயது டாக்டரம்மா, பொறுமையாகக் கேட்டார். ஈசிஜி எடுத்தார்கள், நார்மல். எக்கோ பார்த்தார்கள், அதுவும் நார்மல். கடைசியாக ஓடுகிற பட்டையின் மேல் நடக்க வைத்தார்கள். நெஞ்சிலெல்லாம் ஒயர் ஒட்டி, கையில் பட்டி கட்டி, ஆள் பார்க்க அவர் பிரித்துப் போடுகிற மோட்டார் மாதிரியே இருந்தார். மெஷின் வேகம் கூடியது, மேடு ஏறியது. லிஃப்ட்காரர் முகம் சுளிக்காமல் கடைசிவரை போய் இறங்கினார். நெஞ்சு அடைக்கவே இல்லை. நார்மல்.

"உங்க வயசுக்கு இது ரொம்ப நல்ல ரிசல்ட்" என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் லிஃப்ட்காரர் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார். "நார்மல், நார்மல். இப்படியே ஒருநாள் நார்மலாப் போய்ச் சேர்ந்துடுவேன் போல." கொஞ்சம் பொறுத்து, "வெல்டர் சொன்னது சரிதானோ? எல்லாம் என் மனசுதானோ என்னவோ. விடு. போட்டியில ஆடிடுறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் அக்கா எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டாள். தம்பி எழுந்து நின்று நடித்தே காட்டினார். மெஷின் கம்பியைப் பிடிக்கிற மாதிரி நாற்காலி முதுகை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கால் மட்டும் ஒப்புக்கு நடக்க, உடம்பு பின்னால் சாய்ந்து கிடந்தது.

"பார்த்துக்கோ அக்கா, உன் வீட்டுக்காரர் நடந்த லட்சணம். மெஷின் பாட்டுக்கு ஓடுது, இவர் பாட்டுக்குத் துணி காயற மாதிரி தொங்கிட்டு வர்றார்."

லிஃப்ட்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "டேய், எங்க தொழில்ல முதல் பாடமே அதுதான். ஒரு கை எப்பவும் கம்பியில இருக்கணும். விட்டவன் யாரும் முழுசா வீடு திரும்பினதில்ல. அங்க தரையே ஓடுது, எப்படி விடுவேன்? அந்த நர்ஸ் பொண்ணும் விழுந்துடாம பிடிச்சுக்கோங்கன்னுதான் சொல்லுச்சு. கடைசிவரை ஒரு கையைக்கூட எடுக்கலையே நான்."

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். "அப்போ நடந்தது நீங்களா, கம்பியா?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மச்சான் நாற்காலியை விட்டார். மைதானத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி ஏது? எகிறி அடிக்கும்போது ஆகாயத்தில்தானே இருக்கிறார்? "அக்கா, நாளைக்கு முதல் ஆளா போய் நிக்கிறோம்."

மறுநாள் இதைக் கேட்டதும் டாக்டரம்மா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. பழைய தாளை எடுத்துப் புரட்டினார்.

"எவ்வளவு அழுத்திப் பிடிச்சீங்க?"

லிஃப்ட்காரர் வலது கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை கன்றிப்போயிருந்தது.

"ஐயா, உங்க பாரத்தைக் கம்பி சுமந்துருச்சு. இதயத்துக்கு வேலையே வரல. இதை நான் கேட்டிருக்கணும். கேட்காம விட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க. இன்னைக்கே இன்னொரு தடவை நடக்கலாமா? நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

மறுபடி ஒயர், மறுபடி பட்டை. ஆனால் மெஷின் நகர்ந்ததும் லிஃப்ட்காரர் கை தானாகக் கம்பிக்குப் போனது. நர்ஸ் எடுத்துவிட்டார். மறுபடி போனது. பாவம், அவர் வேண்டுமென்று செய்யவில்லை. இத்தனை வருஷப் பழக்கம் ஒரே நாளில் சொன்ன பேச்சைக் கேட்குமா? நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. "பயமா இருக்கும்மா" என்றார் டாக்டரம்மாவிடம், சின்னக் குரலில்.

மச்சான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மெஷினுக்கு முன்னால் போய் நின்றார். பந்து வாங்குகிற மாதிரி இரண்டு உள்ளங்கையையும் நீட்டினார்.

"தனியாப் போகப் பயமா இருந்தா துணைக்கு ஆள் கூப்பிடணும் மச்சான். அஞ்சாவது மாடி டீச்சரைத்தான் கூப்பிடுவீங்களா?"

லிஃப்ட்காரர் திடுக்கிட்டுப் பார்த்தார். "அது உனக்கு எப்படிடா தெரியும்?"

"எல்லாம் தெரியும். விரல் நுனியை மட்டும் என் கைமேல வையுங்க. அழுத்தினீங்க, வெல்டர்கிட்டப் போய்ச் சொல்லிடுவேன்."

டாக்டரம்மா தலையசைத்தார். விரல் நுனிகள் மச்சான் கைமேல் பூ விழுந்த மாதிரி உட்கார்ந்தன. பட்டை ஓடியது. மேடு ஏறியது. லிஃப்ட்காரர் இப்போது நிஜமாகவே நடந்தார். உடம்பு முன்னால் சாய்ந்தது, மூச்சு இரைத்தது. மச்சான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆண்டவனே, வந்துவிடட்டும், இங்கேயே வந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டார். தன் அக்கா புருஷனுக்கு நெஞ்சு அடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட மச்சான் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மேடு இன்னும் ஒரு படி ஏறியது. லிஃப்ட்காரர் முகம் வெளுத்தது. அந்த வெளுப்பை மச்சானுக்கு நன்றாகத் தெரியும்.

"வந்துடுச்சு" என்றார் லிஃப்ட்காரர். மூச்சு முட்டுகிறது, முகத்தில் சிரிப்பு. "மச்சான், வந்துடுச்சுடா. நடுவுல நின்னுடுச்சு. அதேதான்."

"திரையில எனக்கும் தெரியுது. நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றார் டாக்டரம்மா. அவர் குரலிலும் ஒரு துள்ளல். நர்ஸ் ஓடிவந்து மெஷினை நிறுத்தி, லிஃப்ட்காரரைப் படுக்க வைத்து, நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தார். கதவுக்கு வெளியே நின்ற அக்கா உள்ளே ஓடிவந்தவள், புருஷன் படுத்தபடி இளிப்பதையும் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு குதிப்பதையும் பார்த்து, யாருக்கு என்ன ஆச்சு என்று புரியாமல் நின்றாள்.

"அக்கா, திருடன் கையும் களவுமா சிக்கிட்டான்" என்றார் தம்பி.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒன்று முக்கால்வாசி அடைத்திருந்தது. சும்மா இருக்கும்போது போதுமான ரத்தம் வந்துவிடும். வேலை கூடினால்தான் பற்றாமல் போகும். படம் எடுத்துப் பார்த்து, குழாயை விரித்து, உள்ளே ஒரு சின்னக் கம்பிச் சுருளை வைத்து அனுப்பினார்கள். "வெளியே விட்ட கம்பி உள்ளே போயிடுச்சு" என்று மச்சான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். வெல்டர், லிஃப்ட்காரர் வீட்டுக்கே வந்து, அவர் காலடியில் உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். லிஃப்ட்காரரால் போட்டியில் ஆட முடியவில்லை. ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் அடித்தார். சில மாதம் போய், டாக்டரம்மா சரி என்றதும், மறுபடி வலைக்கு முன்னால் நின்றார். இரண்டாவது செட்டில் மச்சான் தூக்கிக் கொடுத்த பந்தை அவர் எகிறி அடித்தபோது கைதட்டியவர்களில் வெல்டர் சத்தம்தான் தூக்கலாக இருந்தது.

பிறகு கம்பெனி அவரை வெகுதூரத்து ஊருக்கு மாற்றியது. உயரமான புதுக் கட்டடம், பெரிய பொறுப்பு. ரயிலடிக்கு மச்சான் மூட்டை தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் போனில் குரல்தான் வருகிறது, நேரில் பார்த்துப் பிரிந்தது அன்றைக்குத்தான் கடைசி.

வண்டி நகர்ந்தது. அக்கா உள்ளே இருந்து கையசைத்தாள். மச்சான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தார். வேகம் கூடியது, அவர் நடை ஓட்டமானது, கை மட்டும் கம்பியை விட்டு வரவில்லை.

லிஃப்ட்காரர் குனிந்து, அந்த விரல்களை மெதுவாக ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"கம்பியை விடு மச்சான்," என்றார். "நானே விட்டுட்டேன், உனக்கென்ன?"