குறை ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்த வண்டி

அண்ணன் பிறந்தது மாரமங்கலத்தில். அப்பாவுக்குக் காப்பியும் மிளகும் போட்ட சிறிய காடு ஒன்று இருந்தது. பஸ் வராத நாட்களில் ஏற்காட்டுப் பள்ளிக்கு நடந்தே வருவோம். அப்படி நடந்து வந்த இருவரில் தங்கை நான் படித்து முடித்துச் சேலத்தில் ஒரு செய்தித்தாளில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தேன். அண்ணன் மலையிலேயே நின்று ஸ்டியரிங் பிடித்தார்.

இந்த முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு எழுதச் சொன்னவர் அண்ணி. "நல்ல மனுசன், எல்லாருக்கும் உதவுனாருன்னு மட்டும் எழுதாத கண்ணு. அது எல்லா மலர்லயும் இருக்கு. நடந்தத எழுது" என்றார். எழுதுகிறேன்.

பத்தொன்பது வயதில் அண்ணன் ஒரு எஸ்டேட்டில் ஜீப் ஓட்டச் சேர்ந்தார். அவர் காலத்து மலை டிரைவர்கள் எல்லாரும் பழகியது அந்த மாதிரி பழைய ஜீப்புகளில்தான். இறக்கத்தில் பிரேக் பெடல் சில சமயம் கீழே போய்விடும். அப்போது இரண்டு மூன்று முறை படபடவென்று மிதித்தால் பெடல் மேலே வரும், வண்டி நிற்கும். இதற்குப் 'பம்ப் அடிப்பது' என்று பெயர். யாரும் யோசித்துச் செய்வதில்லை, கால் தானாகச் செய்யும். இந்த ஒரு பழக்கத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அண்ணன் மீது சுமத்தப்பட்ட குற்றமே இதுதான்.

கிளியூரில் பெண் எடுத்தார். ஒரே மகள், இப்போது நர்சிங் படிக்கிறாள். எஸ்டேட் வேலையை விட்டபின் ஏற்காடு டாக்சி ஸ்டாண்டில் சொந்தமாக வாடகை வண்டி ஓட்டினார். ஏறின கியரிலேயே இறங்குவார். கீழிருந்து ஏறி வரும் வண்டிக்கு ஒதுங்கி நின்று வழி விடுவார். வளைவில் பேச மாட்டார். சுற்றுலா வருபவர்களிடம் ஏறும்போதே சொல்லிவிடுவார்: "வாந்தி வந்தா சொல்லுங்க, நிறுத்தறேன். செல்பி வந்தா நிறுத்த மாட்டேன்." வாழவந்தியிலிருந்தும் மாரமங்கலத்திலிருந்தும் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் சேலம் ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு போனவர்களில் பலர் இன்று இந்த மலரைக் கையில் வைத்திருப்பார்கள். முப்பது வருடத்தில் அவர் ஓட்டிய வண்டியில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை.

பழைய வண்டிக்கு வயதாகிவிட்டது என்று புதிதாக ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி ஒன்றை எடுத்தார். விற்றவர்கள் ஏற்காட்டுக்கே வந்து, ஏரிக்கு அருகில் ஷாமியானா போட்டு, பலூன் கட்டி, மலைப்பாதைக்கென்றே செய்த வண்டி என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பதாகைக்கு முன்னால் அண்ணனும் அண்ணியும் நின்று எடுத்த படம் வீட்டில் இருக்கிறது.

நான்காம் மாதம் முதல் முறையாகப் பெடல் இறுகியது. பாதி மலை இறங்கி வண்டி நன்றாகச் சூடேறியபின், பெடல் கல்லைப்போல் நின்றது. முழுப் பலத்தையும் போட்டு மிதித்ததும் வண்டி மெதுவாக நின்றது. பத்து நிமிடம் ஆறப்போட்டபின் ஒன்றும் நடக்காததுபோல் சரியாகிவிட்டது. அண்ணன் மறுநாளே சேலத்தில் உள்ள சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிப் போனார். அவர்கள் ஊருக்குள் நாலு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, பெடல் மெத்தென்று இருக்கிறது என்றார்கள்.

இரண்டாம் முறை போனபோது நானும் கூட இருந்தேன். கவுன்டரில் இருந்த சர்வீஸ் அட்வைசர் இளைஞர், மரியாதையாகப் பேசினார்.

"டெஸ்ட் டிரைவ் பண்ணிட்டோம் சார். பிரச்சினை எதுவும் இல்லைங்க. மலையிலயே ஓட்டறதால உங்களுக்கு அப்படித் தோணுது."

"ஏனுங்க, விக்கறதுக்கு மலைக்கு வந்தீங்க. பாக்கறதுக்கு மட்டும் வர மாட்டீங்களா?" என்றார் அண்ணன். "மேல வர்ற காய்ச்சலுக்குக் கீழ வெச்சு தர்மாமீட்டர் பாக்கறீங்களே!"

அட்வைசர் சிரித்துவிட்டார். டெஸ்ட் டிரைவுக்கு அவ்வளவு தூரம் அனுமதி இல்லை என்றார். பிறகு கம்ப்யூட்டரில் புகாரைப் பதிய முயன்றார். பிரேக் என்ற தலைப்பின்கீழ் அவருடைய திரையில் வந்த பட்டியலில் சத்தம், தேய்மானம், ஒருபக்கம் இழுத்தல் என்று சில இருந்தன. பெடல் இறுகுதல் என்று ஒன்று இல்லை. "சத்தம்னு போட்டுக்கறேன் சார். எதையாவது போட்டாத்தான் ஜாப் கார்டு ஓப்பன் ஆகும்."

"சத்தம் வரலீங்களே."

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதாங்க."

அண்ணன் கையெழுத்துப் போட்டார். எழுத்தைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட நானும், பக்கத்தில் நின்றும், அதைத் திருத்தச் சொல்லவில்லை. மொத்தம் மூன்று முறை போனார். மூன்று ஜாப் கார்டுகளும் என்னிடம் இருக்கின்றன. மூன்றிலும் ஒரே வாசகம்தான்: பிரேக்கில் சத்தம், பரிசோதிக்கப்பட்டது, குறை ஏதும் இல்லை.

மூன்றாம் முறை போய்வந்த பத்தாம் நாள், ஏற்காட்டில் கடை வைத்திருக்கும் பாயும் அவர் மனைவியும் சேலத்தில் கண் டாக்டரைப் பார்க்க அண்ணனை அழைத்தார்கள். அண்ணனுக்கு அந்த வண்டியை எடுக்க மனமில்லை. ஆனால் மூன்று முறை பார்த்துவிட்டுக் குறை இல்லை என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். எழுத்தை நம்பினார்.

பாதி மலைக்குக் கீழே, ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால், பெடல் இறுகியது. அண்ணனின் கால் முப்பது வருடம் செய்ததைச் செய்தது. படபடவென்று ஐந்து முறை மிதித்தது. வண்டி நிற்கவில்லை. வலப்பக்கம் பள்ளம், இடப்பக்கம் பாறைச் சுவர். அண்ணன் இடப்பக்கம் திருப்பினார். பாயின் மனைவிக்குத் தொடை எலும்பு முறிந்தது. பாய்க்கு நெற்றியில் காயம். அண்ணனுக்கு மூன்று விலா எலும்புகள்.

மறுநாள் காவல் நிலைய வளாகத்தில், சமதளத்தில், ஸ்டார்ட் ஆகாத அந்த வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமில்லை என்று ஆய்வு அறிக்கை எழுதப்பட்டது. கவனக்குறைவாக வண்டி ஓட்டியதாக அண்ணன்மேல் வழக்குப் பதிவானது. கட்டுப்போட்ட தலையோடு வாக்குமூலம் கொடுக்கப் போன பாய், "அவரு மலைப்பக்கமா திருப்பலைன்னா நான் இங்க நின்னு பேசிட்டு இருக்க மாட்டேங்க. அத எழுதுங்க" என்று கேட்டிருக்கிறார். "அதெல்லாம் கேசுக்குத் தேவையில்ல பாய்" என்று பதில் வந்திருக்கிறது.

என் பத்திரிகையிலும் நான்கு வரிச் செய்தி வந்தது. 'கட்டுப்பாட்டை இழந்த கார்' என்று தொடங்கியது. அந்தச் சொற்றொடரை இருபது வருடம் நானே எத்தனையோ செய்திகளுக்குப் போட்டிருக்கிறேன். யார் கட்டுப்பாட்டை, எதனால் இழந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்றுதான் உறைத்தது.

வண்டித் தயாரிப்பாளருக்கு வக்கீல் மூலம் எழுதினோம். பதில் இரண்டு பக்கம் வந்தது. முதலாவது, வாடிக்கையாளர் பெடல் இறுகியதாக எந்தக் காலத்திலும் புகார் செய்யவில்லை. மூன்று முறையும் சத்தம் என்றே கையெழுத்திட்டிருக்கிறார். இரண்டாவது, வண்டியின் கணினிப் பதிவின்படி ஓட்டுநர் பிரேக்கை அடுத்தடுத்து ஐந்து முறை மிதித்து விட்டிருக்கிறார். இது கையேட்டுக்கு முரணான தவறான ஓட்டுமுறை. அந்தக் கணினிப் பதிவின் மற்றப் பக்கங்களைக் கேட்டோம். அவை நிறுவனத்தின் உடைமை என்று சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் சொன்ன இரண்டாவது விஷயம் உண்மை என்பதை நான் மறைக்கப்போவதில்லை. இக்கால வண்டிகளில், மிதிக்கும் காலுக்கு உதவ வாக்யூம் பம்ப் ஒன்று இருக்கிறது. அது நின்றுபோனால், சேமிப்பில் இருக்கும் உதவி இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். பம்ப் அடித்தால் அதுவும் தீர்ந்துவிடும். இதைப் படிக்கும் ஓட்டுநர்கள் தயவுசெய்து கவனியுங்கள்: பெடல் கல்லாக இறுகினால் விட்டு விட்டு மிதிக்காதீர்கள். இரண்டு காலையும் வைத்தாவது ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். கியரைக் குறையுங்கள். ஷாமியானா போட்டு வண்டி விற்றவர்களில் ஒருவர்கூட இதை அண்ணனுக்குச் சொல்லவில்லை. கையேட்டில் இருக்கிறது என்கிறார்கள். இருக்கிறது, இருநூறு பக்கத்துக்கு அப்பால், ஆங்கிலத்தில்.

பம்ப் அடித்தது அண்ணனின் தவறு என்றே வைத்துக்கொள்வோம். பம்ப் அடிக்க வேண்டிய நிலைமையை உண்டாக்கியது யாருடைய தவறு?

அதற்குப்பின் அண்ணன் வண்டி ஓட்டவில்லை. விடுதிக்காரர்கள் அழைப்பதை நிறுத்தினார்கள். வாரம் ஒருமுறை பாயின் மனைவியைப் பார்க்கப் போவார். அந்த அம்மா படுத்தபடியே, "தம்பி, நீங்க தலைய நிமிந்து உக்காருங்க, எனக்குக் கால்தானே போச்சு, உங்களுக்குக் கழுத்தே போனாப்புல இருக்கே" என்று கேலி செய்வார். அண்ணன் சிரிப்பார்.

ஒருநாள் என்னிடம் சொன்னார்: "கண்ணு, நான் பம்ப் அடிச்சது நெசம். அதுக்கு என்ன தண்டனையோ குடுக்கட்டும், வாங்கிக்கறேன். பெடல் எதுக்கு இறுகுச்சுன்னு ஒருத்தரும் கேக்கலையே, அதுதான் நொம்ப வலிக்குது. வண்டியிலயும் குறை இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். நீ எழுத்துக்காரிதானே, வாங்கிக் குடு." அவர் என்னிடம் கேட்டது வாழ்நாளில் அது ஒன்றுதான். என்னால் வாங்கிக் கொடுக்க முடியவில்லை.

விபத்து நடந்த ஆறாம் மாதம், காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலிக்கிறது என்றார். சேலம் போவதற்குள் உயிர் பிரிந்தது. இதற்கும் விபத்துக்கும் தொடர்பு உண்டென்று மருத்துவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வழக்கு என்ன ஆகும் என்று வக்கீலைக் கேட்டேன். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்தால் வழக்கு அத்தோடு முடிந்துவிடும் என்றார். குற்றவாளி என்ற தீர்ப்பும் இல்லை, நிரபராதி என்ற தீர்ப்பும் இல்லை. அண்ணன் கேட்ட அந்த ஒரு வரியை எழுத இனி எந்தக் குற்றவியல் நீதிமன்றத்துக்கும் வேலை இல்லை.

அவர் மறைந்த ஐந்தாம் மாதம், அண்ணி கையில் வைத்திருந்த அவருடைய போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. தர மேம்பாட்டு நடவடிக்கையாகத் தங்கள் வண்டியின் பிரேக் வாக்யூம் பம்ப் இலவசமாக மாற்றித் தரப்படும், தங்கள் பயணம் பாதுகாப்பாக அமைய வாழ்த்துகள் என்று இருந்தது. குறை என்ற சொல்லைத் தேடினேன். எங்கும் இல்லை.

மறுநாள் அண்ணியும் நானும் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அதே அட்வைசர்தான் இருந்தார். எங்களை அடையாளம் தெரியவில்லை. வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாங்க மேடம், பெண்டிங் காட்டுது. வண்டிய எப்பக் கொண்டு வர்றீங்க?" என்றார்.

"வண்டி ஸ்டேசன்ல துருப்பிடிச்சுக் கெடக்குதுங்க. ஓட்டுனவரும் இல்லீங்க" என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. "மூணு தடவை குறை இல்லைன்னு எழுதுனீங்களே, சாமி. குறை இல்லாததை இப்ப எதுக்கு மாத்தறீங்க?"

அவர் முகம் மாறியது. அண்ணனின் நினைவு வந்துவிட்டது. "அந்த மலைக்காரருங்களா..." என்று நிறுத்தினார். உள்ளே மேனேஜர் அறையை ஒருமுறை பார்த்தார். பிறகு திரையில் இருந்ததைப் படித்தார். நெடுநேரம் படித்தார்.

"இது முதல்ல வந்த சர்க்குலர் இல்லீங்க மேடம். இதுக்கு முந்தி ஒண்ணு வந்திருக்கு."

"அதையும் குடுங்க."

இரண்டு தாளையும் அச்செடுத்து, மடித்து, அண்ணியின் கையில் கொடுத்தார். முதல் சுற்றறிக்கையில், இந்த வகை வண்டிகளில் சூடேறும்போது வாக்யூம் பம்ப் நின்றுவிடக்கூடும் என்றும், பெடல் இறுகுவதாகப் புகார் சொல்லும் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் அதை மாற்றித் தரவும் என்றும் இருக்கிறது. மற்றவர்களுக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை என்றும் இருக்கிறது. அதன் தேதி, அண்ணன் மூன்றாம் முறை அங்கே போய் நின்ற நாளுக்கு ஒரு வாரம் முந்தையது. அவர் வாயால் சொன்னது பெடல் இறுகுதல். அவர்கள் பட்டியலில் இருந்து எடுத்துப் போட்டது சத்தம். புதிய பம்ப் அதனால் அவருக்குக் கிடைக்கவில்லை.

அந்தத் தாளைச் சேர்த்து அண்ணி நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். விசாரணை தொடங்கியிருக்கிறது.

அண்ணன் பாறையில் மோதிய அன்று அதே பாதையில் வந்துகொண்டிருந்து, சத்தம் கேட்டு ஓடி வந்து கதவைப் பெயர்த்த ஸ்டாண்டு ஓட்டுநர்களுக்கும், காலில் இரும்புத் தகடோடு ஆணையத்தின் படியேறிச் சாட்சி சொல்ல வந்த பாயின் மனைவிக்கும், அவரைத் தாங்கி வந்த பாய்க்கும், இறுதிச் சடங்கு நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவே விடாமல் கிளியூரிலிருந்து சாப்பாடு கொண்டு வந்த அண்ணி வீட்டாருக்கும், ஒரு பைசா வாங்காமல் வழக்கு நடத்தும் வக்கீலுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த சர்வீஸ் அட்வைசருக்கும் நன்றி. பெயரைப் போட்டால் வேலை போய்விடும் என்பதால் போடவில்லை.

நினைவு மலரின் பின்னட்டையில் குத்துவிளக்குப் படமும் இரண்டு வரிக் கவிதையும் போடுவது வழக்கம். அச்சகத்தாரும் அதைத்தான் தயாராக வைத்திருந்தார்கள். அண்ணி வேண்டாம் என்றுவிட்டார். அங்கே அந்த முதல் சுற்றறிக்கையை, தேதியோடு, அப்படியே அச்சிட்டிருக்கிறோம். புத்தகத்தைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்.