பின் சீட்டில் யசோதா

பெங்களூரு பொம்மனஹள்ளியில் கார் ஏசிக்கு கேஸ் அடிக்கும் மெக்கானிக் அய்யாவு அவசரமே படமாட்டார். பைப்பில் இருக்கும் காற்றைப் பம்பு உறிஞ்சி முடித்த பிறகும் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். முள் அசைந்தால் எங்கோ லீக். யாராவது "சீக்கிரம்" என்றால், "அப்போ ஜன்னலைத் திறந்துக்கிட்டு ஓட்டுங்க" என்று எரிந்து விழுவார்.

கேஸ் ஏற்றியதும் கண்ணாடியை மூடி உள்ளே சற்று உட்கார்ந்து பார்ப்பார். குளிர் முழங்காலிலிருந்து மெல்ல மேலேறும். வெளியே ஓசூர் ரோடு சத்தமில்லாமல் மிதந்துபோகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சோறு கொண்டுவந்த மனைவி யசோதா வேர்த்து விறுவிறுத்து நின்றாள். வாரம் முழுக்க கார்மென்ட்ஸில் நின்றே வேலை பார்க்கிற கால்கள்.

"பின்னாடி உக்காந்து, சில்லுனு வருதான்னு சொல்லு."

ஏறியவளைக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தார். தலை சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். கண்ணாடியில் மேகங்கள் நகர, நின்றிருந்த கார் அவளை எங்கோ கூட்டிக்கொண்டு போவதுபோல் இருந்தது.

கார்க்காரர் வந்தார். "ஆயிடுச்சா?"

வேலை எப்போதோ முடிந்திருந்தது. அய்யாவு மீட்டரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

"லீக் பாக்குறேன் சார்," என்றார் தணிந்த குரலில். "கதவை மட்டும் திறந்துடாதீங்க."