கொடிமரம் அல்ல, கூண்டு மரம்

புதுக்கடைச் சந்திக்கு மேற்கே நிற்கிற மரக்கடை நான் போட்டது. அதன் பின்னால் பனைமட்டை நாரான தும்பை அடைக்கிற கிட்டங்கியும் நான் கட்டியதுதான். செங்கல் தரமாட்டேன் என்று சூளைக்காரன் முறுக்கியபோது சொந்தமாகச் சூளை வைத்துக் கட்டினேன். அங்கிருந்து கடற்கரைக்கு வண்டிப்பாதை கிடையாது. தோப்புக்காரர் ஒவ்வொருவர் வாசலிலும் நின்று கேட்டு வாங்கி நான் வெட்டிய பாதையில்தான் இன்றைக்கு பஸ் ஓடுகிறது. பிறகு சரக்கு வள்ளங்கள் செய்தேன். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் கடலில் கால் நனைத்தவர் இல்லை. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். பிடிக்காதவர்கள்கூட என் முகத்துக்கு நேரே மறுக்கமாட்டார்கள்.

ஊர் ஒத்துக்கொள்ளாதது ஒன்று உண்டு. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது வெள்ளைக்காரன் போய்விட்டிருந்தான். நாம் இன்னும் தமிழ்நாட்டோடு சேர்ந்திருக்கவில்லை. திருவனந்தபுரத்துச் சர்க்கார்தான் நமக்கும் சர்க்கார். குளச்சலுக்கும் மண்டைக்காட்டுக்கும் இடையிலுள்ள ஒரு கடற்கரையில் என் வள்ளங்கள் கிடந்தன. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். வள்ளத்தில் தும்புக் கட்டுகளை ஏற்றித் துடுப்பால் துழைந்துபோய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். அதற்குத் துறைமுக ஆபீசர் அனுமதிச் சீட்டுத் தர வேண்டும்.

அந்த ஆபீசர் வடக்கே இருந்து வந்தவர், பேச்செல்லாம் மலையாளம். கப்பலுக்கும் வள்ளத்துக்கும் ஆபத்து வராமல் பார்ப்பது அவர் வேலை என்றார்கள். எனக்கு அப்போதே நம்பிக்கை இல்லை. ஆபத்து வருவது கடலிலிருந்து. இவரோ கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் வள்ளங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். கயிற்றை இழுத்துப் பார்த்தார், பலகையைத் தட்டிப் பார்த்தார். குற்றம் ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

கடைசியில் மணலைக் காட்டிச் சொன்னார்: “கொடிமரம் நாட்டாதெ ஒரு வள்ளமும் இறக்கான் பாடில்லா.”

கடல் மோசமாகப் போகிறது என்று மேலிடத்திலிருந்து செய்தி வந்தால், கரையில் உயரமாக ஓர் அடையாளம் ஏற்ற வேண்டுமாம். அதற்கு மரம் இல்லாத கரையில் சரக்கு ஏற்றக் கூடாதாம். மரக்கடை வைத்திருப்பதால் நீயே நட்டுக்கொடு என்றார். வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் கடைசிக் கப்பல் வர வேண்டியிருந்தது. அது போய்விட்டால் கிட்டங்கியிலுள்ள தும்பு முழுக்க மழைக்காலத்தில் பூசணம் பூத்துப் போகும். இது தெரிந்தேதான் அவர் என் கழுத்தில் காலை வைக்கிறார் என்று நினைத்தேன். தெற்கே வேறொரு கரையில் எனக்குப் போட்டியாக ஒரு கான்ட்ராக்டர் இருந்தார். ஆபீசர் அவர் வீட்டில் ஊண் சாப்பிட்டுவிட்டு வந்தார் என்றும் கேள்வி.

ஆனாலும் நட வேண்டியதுதானே. நேரான ஒரு தேக்கு மரத்தை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனேன். கூலிக்காரர்கள் என்ன வேலை என்று கேட்டதற்கு, கொடிமரம் நடுகிற வேலை என்று சொல்லிக் குழி தோண்டவைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் குழி மூடிக் கிடந்தது. காற்று அடித்த மணல் அல்ல. மேலே மிதித்து மட்டமாக்கியிருந்தார்கள். மறுபடி தோண்டினோம், மறுபடி மூடிவிட்டார்கள். போட்டிக்காரர் ஆள் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆபீசரின் பியூன்மேலும் சந்தேகம். என் சொந்தக் கூலிக்காரர்களையே ஒரு மாதிரிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

மூன்றாம் தடவை தோண்டும்போது கரையை ஒட்டிய மீன்பிடிக் குடியிருப்பின் ஊர்ப் பெரியவர் ஆட்களோடு வந்து நின்றார். மாதா கோயில் காரியமெல்லாம் அவர் சொல்படிதான் நடக்கும்.

“குழிய மூடுனது நாங்களாக்கும்,” என்றார். “உமக்க ஆளுவளுக்கு தாங்கல் கெட்டணும்னா உமக்க ஊருல எடம் இல்லியா ஓய்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டார் அய்யா வழிக்காரர்கள். எங்கள் வழிபாட்டு இடத்துக்குப் பெயர் தாங்கல். அங்கே கொடிமரம் உண்டு. மாதா கோயிலிலும் உண்டு. இந்தப் பக்கத்தில் கொடிமரம் என்று சொன்னால் பின்னால் ஒரு சாமியும் ஒரு திருநாளும் வந்தே தீரும். கடலைப் பற்றிச் சொல்ல ஒரு கொடிமரம் என்பதை யாரும் கேள்விப்பட்டதில்லை.

“இது சாமிக்க கொடி இல்ல ஓய். சர்க்காருக்க கொடி,” என்றேன்.

“அப்பம் கொடிய மந்திரிக்கது யாரு? சாமியாருக்குப் பதிலு மந்திரியா?” என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “கொடி ஏறுனா பத்து நாளு திருநாளு. அந்தப் பத்து நாளும் ஒருத்தனும் கடலுக்குப் போவப்பிடாதும்பேரு. நாங்க கரையில இருக்கணும், உமக்க வள்ளம் மட்டும் போவணும். இந்தச் சூத்திரம் எங்களுக்குத் தெரியாதா வே?”

இந்தக் கொடி ஏறினாலும் கடலுக்குப் போகக் கூடாது என்பது உண்மைதான் என்பதால், நான் என்ன பதில் சொன்னாலும் சந்தேகம் கூடத்தான் செய்தது. ஆபீசரிடம் போய் நீங்களே வந்து சொல்லுங்கள் என்றேன். ஊர்க்காரியத்தில் தலையிடமாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டார். படித்தவர்.

மரத்தில் ஏற்றவேண்டியது துணிக்கொடி அல்ல. மூங்கிலில் பின்னித் தார் பூசிய சாக்கால் மூடிய கறுப்பு உருளை. தூரத்திலிருந்து தெரிவதற்காக அப்படி. அது என் மரக்கடையில்தான் தயாராகிக்கொண்டிருந்தது. சந்தைக்கு வந்த ஒரு அம்மாள் பார்த்துவிட்டு, “கோழிக்கூண்டா அண்ணாச்சி?” என்று கேட்டாள். அப்போது பிடித்தேன் அந்தச் சொல்லை. அவள்தான் பெயர் வைத்தாள் என்று நாளைக்கு யாராவது கிளம்பக்கூடும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் கேட்டது கோழிக்கூண்டு. கோழியைக் கழித்துவிட்டு மீதியைக் கடலுக்குக் கொண்டுபோனவன் நான்.

கூண்டை வண்டியில் வைத்து நேரே கடற்கரைக்குக் கொண்டுபோனேன். ஊரே கூடியது. பெரியவர் அதைப் புரட்டிப் பார்த்தார், உள்ளே கையை விட்டுத் துழாவினார்.

“இதுக்குள்ள என்னத்த வச்சிருக்கேரு?”

“ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லாத்ததுக்கு எதுக்கு வே இம்புட்டு ஒயரம்?”

“கொடிய மறந்திரும் ஓய். இது கூண்டு. கூண்டு ஏறுனா கடலு சரியில்ல, எறங்குனா போவலாம். உமக்கும் அதுதான், எனக்கும் அதுதான். எனக்க வள்ளம் அன்னைக்கு எறங்குனா நீரே வந்து ஓட்டையப் போடும்.”

பெரியவர் கூண்டைக் கீழே வைத்தார். மாதா கோயில் கொடிமரத்தைவிட இது தாழ்ந்து நிற்க வேண்டும் என்றார். அந்த இடத்திலேயே அறுப்புவாள் எடுத்து மரத்தை அறுத்தேன். அதன் பிறகு குழியை யாரும் மூடவில்லை. மரம் ஏன் குட்டையாக இருக்கிறது என்று ஆபீசர் கேட்டபோது, நுனி வெடித்திருந்தது என்று சொன்னேன். அவர் என்னை நம்பவில்லை. நானும் அவரை நம்பவில்லை. சீட்டு மட்டும் தந்தார்.

கப்பல் வந்த அன்று வானம் வெளுத்துக் கிடந்தது. தும்புக் கட்டுகளைக் கரையில் அடுக்கிவிட்டோம். அப்போது பியூன் வந்து கூண்டை ஏற்றினார். எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த வெயிலில் கூண்டா? போட்டிக்காரருடைய கை இது என்றே தீர்மானித்தேன். வள்ளத்தைத் தள்ளுங்கள் என்றேன். பெரியவரும் அவருடைய ஆட்களும் தங்கள் வள்ளங்களை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னிடம் வந்து அமைதியாகச் சொன்னார்:

“கூண்டு ஏறியாச்சி. ஓட்டையப் போடச் சொன்னேருல்லா, போடட்டா?”

என் துழைவல்காரர்கள் ஒருவர்கூட அசையவில்லை. என் சொல்லே என்னைக் கட்டிப்போட்டது. கப்பல் சரக்கு இல்லாமல் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. சாயங்காலம் கடல் ஏறியது. வழக்கமாக வள்ளங்கள் கிடக்கும் மணலைத் தாண்டித் தென்னையடிவரை வெள்ளம் வந்தது. என் வள்ளங்களையும் அதற்குள் மேட்டுக்கு இழுத்திருந்தோம், ஆட்களும் பத்திரமாக இருந்தார்கள். தும்பு பூத்துப்போனது. தெற்குக் கரையில் அன்று உச்சிப்பொழுதுவரை சரக்கு ஏறியது என்று கேட்டேன். அங்கே கூண்டு ஏன் தாமதமாக ஏறியது என்பதற்கு இன்றுவரை யாரும் நேரான பதில் சொல்லவில்லை.

அடுத்த வரவில் ஆபீசர் மேலதிகாரிகளை அழைத்துவந்து, “ஞங்ஙள் கூண்டு ஏற்றி” என்று, தாங்களே ஏற்றியதாகப் பெருமையாகச் சொன்னார். கொடிமரம் என்ற வார்த்தை அவர் வாயில் வரவேயில்லை. மரத்தடியில் ஒரு கல் வைத்தார்கள். அதில் அவர் பதவி, ஆபீசின் பெயர், எல்லாம் உண்டு. என் பெயர் இல்லை. கேட்டதற்கு, சர்க்கார் சொத்தில் தனியாள் பெயர் வராது என்றார்.

இப்போது ரேடியோவில் கூண்டு ஏற்றியதாகச் சொல்கிறார்கள். மற்றத் துறைமுகங்களில் அந்தச் சொல்லை யார் சொன்னார்களோ, எனக்குத் தெரியாது. இந்தக் கரையில் சொன்னவன் நான். மரமும் நான் கொடுத்தது, அதை அறுத்ததும் நான். அந்தச் சொல் இல்லாமல் அந்தக் குழியில் மரம் நின்றிருக்காது. துறைமுக ஆபீசில் இப்போது இருப்பவர்கள் அந்தக் கல்லில் இன்னும் ஒரு வரி வெட்டட்டும். என் பெயர் தெரியாது என்று சாக்குச் சொல்ல வேண்டாம். புதுக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.