ஒன்பதாம் ரூமில் எண்ணச் சொன்னவள்

2025 ஜூலை 14, திங்கள்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன், டைரியில் முந்தின நாளை எழுதி முடித்தேன், பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு திருத்தங்கலில் ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்தேன். இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம், இனிமேல் சொல்லப்போவதை நீங்கள் நம்பமாட்டீர்கள். பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள்தான் நானும்.

பட்டாசு கம்பெனியில் எனக்குப் பராமரிப்பு வேலை. கதவு, குழாய், கூரை, எது பழுதானாலும் நான்தான். சேர்ந்த அன்று போர்மேன் சங்கரலிங்கம் என் படிப்பைக் கேட்கவில்லை. "செல்போனு வாசல்லயே இருக்கணும். நைலான் சட்டை ஆகாது. ரூமுக்குள்ள போறப்ப, உடம்புல இருக்குற கரண்டு எறங்க, வாசல்ல இருக்குற செம்புத் தகட்டைத் தொட்டுட்டுத்தான் போகணும். இரும்பு ஒண்ணு உள்ள வந்துச்சுன்னா, அண்ணாச்சி, அன்னைக்கே நீங்க வீட்டுக்குப் போயிரலாம். வீடு வரைக்கும் போக முடிஞ்சாத்தான்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

இரும்பு உரசினால் பொறி வரும் என்பதால் என் பையில் பித்தளைச் சாமான்கள் மட்டும், மொத்தம் பதினொன்று. காலையில் எண்ணி நோட்டில் எழுதுவேன், மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் போர்மேன் முன்னால் திரும்ப எண்ணிக் காட்டுவேன். ஆறு வருடமாக இப்படித்தான். அன்று மட்டும் எண்ணவில்லை. கைப்பழக்கத்தில் 11 என்று எழுதிவிட்டுப் போய்விட்டேன்.

ஒன்பதாம் ரூமின் பின்கதவுக் கீல் இறுகிப்போய், நாலு நாளாக அந்த ரூம் பூட்டிக் கிடந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். எல்லாரும் கொட்டகையில் இருந்தார்கள், அவர்கள் பேச்சு தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல் கேட்டது. வெயில் வெள்ளையாக நின்றது, காற்றே இல்லை, ஆனாலும் தரையில் என் நிழல் லேசாக ஆடிய மாதிரி இருந்தது. முன்கதவுப் பூட்டை நானே திறந்தேன். தகட்டைத் தொட்டேன்.

உள்ளே ஒரு பெண் முதுகைக் காட்டி ரப்பர் விரிப்பில் உட்கார்ந்திருந்தாள். விரலெல்லாம் வெள்ளிப் பொடி. கையில் ஒன்றுமே இல்லை, திரி சுற்றுவது போல் விரல்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. எனக்குப் பயமே வரவில்லை, தூக்கம் கலைகிற நேரத்தில் தெரிந்தவர் குரல் கேட்குமே, அப்படித்தான் இருந்தது.

"அங்கனயே நில்லுங்க அண்ணாச்சி. பையில ஒண்ணு கூட இருக்கு. எண்ணிட்டு வாங்க."

பின்வாங்கி வந்து, தள்ளிப் போய் மணலில் பையைக் கொட்டினேன். பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மிக்ஸியைக் கழற்ற இந்தப் பையை எடுத்திருந்தேன், வீட்டு ஸ்குரூடிரைவர் அதிலேயே தங்கிவிட்டது. சுத்த இரும்பு. அந்த ரூமின் தரை இடுக்கில் வெடிமருந்துத் தூள் இன்னும் இருந்தது. கீலை நெம்ப என் கை அதைத்தான் எடுத்திருக்கும்.

நிமிர்ந்து பார்த்தேன், ரூம் காலி. பையை வெளியிலேயே விட்டு உள்ளே போய்ப் பின்கதவைத் தள்ளினேன். அசையவில்லை.

யாரும் பார்க்கவில்லை, ஸ்குரூடிரைவரை வேலிக்கு அப்பால் எறிந்துவிடலாம். மகளுக்குக் கல்லூரி கடைசி வருடம், இந்த வேலை போனால் இந்த வயதில் வேறு யார் கொடுப்பார்கள். மூன்று மணி வரை இதே யோசனை. கடைசியில் அதைப் போர்மேன் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

சங்கரலிங்கம் அதைத் தொடவில்லை. "ஒம்பதுக்கு ஆளே போடலையே அண்ணாச்சி, வெயில்ல மண்டை காஞ்சிருச்சா?" என்றவர் நோட்டைப் பிரித்து என் பக்கம் திருப்பினார். "காலையிலேயே பன்னெண்டுன்னு எழுதித்தான வச்சிருக்கீக. மறைக்கணும்னு நெனைக்கலல்ல. நாளைக்கு வாங்க. இனி பைய மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீக."

12. என் கையெழுத்துதான், இரண்டின் வாலை நான் தூக்கிவிடுகிற மாதிரியே தூக்கிவிட்டிருந்தது. அடித்த தடம் இல்லை, திருத்திய தடம் இல்லை. நான் எழுதியது பதினொன்று, இதை எங்கே கேட்டாலும் சொல்வேன்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பையைக் கொட்டி எண்ணினேன். பதினொன்று. எழுதினேன், மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒன்பதாம் ரூமுக்குப் போய், தகட்டைத் தொட்டு, வாசலிலேயே நின்று, "எண்ணிட்டேம்மா" என்றேன்.