சாமந்தி மாலையும் மஞ்சள் விளக்கும்

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் கணினியில் தொடர்வண்டி விடுகிறான் என்றால் சிதம்பரத்தில் நகைப்பார்கள். நகைக்கட்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஒரு நிலையத்தின் பொறுப்பாளன். என் மனைவியின் தமையனார் அடுத்த நிலையத்தின் பொறுப்பாளர். இருவரும் சேர்ந்து ஒரே தடத்தில் வண்டிகளைத் தாமதமின்றி அனுப்பிவைப்பதே அந்த விளையாட்டு.

கடலூர் முதுநகரில் வசிக்கும் மச்சான், மெய்யாகவே நிலைய அதிகாரியாகப் பணியாற்றியவர். பின்னாளில் சர்க்கரை நோயால் பார்வையை இழந்தார். வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதும் அவர் மகள், தந்தைக்கென ஒரு துணைச்செயலி செய்து கொடுத்தாள். அது நொடிக்கொருமுறை திரையைப் படமெடுத்து, சைகை விளக்குகளின் நிறத்தைக் கண்டு, எந்தத் தடம் காலி என்று அவர் காதில் சொல்லும். அவர் வாய்மொழியாகக் கட்டளையிடுவார். பார்வையுள்ள நான்தான் பெரும்பாலும் பிழை செய்தேன்.

பொங்கலுக்கு விளையாட்டு நிறுவனத்தார் நிலையங்களை அலங்கரித்தார்கள். விளக்குக் கம்பந்தோறும் சாமந்தி மாலை. எனக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் மச்சானிடமிருந்து ஒரு வண்டியும் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தேன்.

"எல்லா சிக்னலும் மஞ்சளா இருக்குன்னு சொல்லுது மாப்ள. எப்படி வேகமா விடுறது?"

"மச்சான், அது சாமந்திப்பூ."

"பூவா? சிக்னல் கம்பத்துல எவன்யா பூ கட்டுனது? நான் சர்வீஸ்ல இருந்திருந்தா மெமோ குடுத்திருப்பேன்!"

மகள் செயலியைத் திருத்தினாள். அடுத்த புதுப்பிப்பில் பொத்தான்கள் இடம் மாறின, மீண்டும் திருத்தினாள். அதற்குள், செயலி இயங்குவதைக் கண்டு, ஆடுவது மனிதரல்லர், இயந்திரம் என்று ஐயுற்ற நிறுவனம் அவர் கணக்கையே முடக்கிவிட்டது.

"எனக்கு ரெண்டாவது ரிட்டயர்மெண்ட் குடுத்துட்டானுங்க" என்று மச்சான் சிரித்தார். ஆனால் அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு, அவர் வழக்கம்போல் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு சும்மா அமர்ந்திருப்பதாக மகள் சொன்னாள். உடனே பேருந்தேறி முதுநகர் சென்றேன்.

நிறுவனத்துக்கு மடல் எழுத உட்கார்ந்தோம். "மாண்புசால் பெருந்தகையீர்" என்று தொடங்கினேன்.

"மாமா, அவுங்க இதப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த பொங்கல் வந்துடும்" என்றாள் மகள்.

"நான் சொல்றேன், எழுதுங்க மாப்ள" என்றார் மச்சான். "பக்கத்து ஸ்டேஷன்லேருந்து வண்டி கிளம்பிடுச்சான்னு நாங்க தூரத்துப் புகையப் பாத்தா முடிவு பண்ணோம்? அவுங்க கருவியில சொல்லுவாங்க. நாங்களும் பதில் சொல்லுவோம். எம்பொண்ணு எழுதுன செயலி மட்டும் ஏன் படத்தப் பாத்து யூகிக்கணும்? எந்த லைன் காலின்னு அவனுங்களுக்குத் தெரியும்ல, சொல்லட்டும்."

வெளியார் எழுதும் செயலிகளுக்கு நிறுவனமே திறந்துவிடும் இத்தகைய முறையான வாயிலை ஏ.பி.ஐ. என்கிறார்கள். ஏமாற்றுவோர் அவ்வழியே நுழைவர் என்ற அச்சம் வீணானதன்று. ஆயினும் ஒவ்வொரு செயலிக்கும் தனித் திறவுகோல் அளித்து, நிலவரத்தை அறிய மட்டும் இசைந்தால், யார் எதைக் கேட்கிறார் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். பிழை செய்தவரின் திறவுகோலைப் பறிக்கலாம். வாயிலே இல்லாதபோது நல்லவரும் சன்னல் வழியே எட்டிப்பார்க்க நேர்கிறது. பார்வையற்றவர், கை நடுங்குபவர் என எல்லாருக்கும் ஒரே நிறுவனம் கருவி செய்து தர இயலாது; செய்ய முன்வருவோருக்கு வழிவிட்டால் போதும். இவையனைத்தையும் மகள் ஒரு பக்க ஆங்கிலத்தில் அடக்கினாள். என் வணக்கவுரை முழுவதும் வெட்டுண்டது.

பலா பழுக்கும் பருவத்தில் விடை வந்தது. கணக்கை விடுவித்ததோடு, வெளியார் அனைவருக்குமாகச் சிறிய வாயில் ஒன்றையும் திறந்திருந்தார்கள். இரண்டே நாளில் அவள் செயலியை மாற்றியெழுதினாள்.

அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தின் நடுவே மச்சான் அழைத்தார்.

"மாப்ள, வண்டி எவ்ளோ நேரமா நிக்குதுன்னும் இப்ப சொல்லுது. உங்ககிட்ட ஒரு கூட்ஸு பதினோரு நிமிஷமா நிக்குதே, என்ன பண்றீங்க?"

திரையில் அந்த நேரம் தெரியாது. ஆகவே என் சோம்பலும் இதுநாள்வரை அவருக்குத் தெரியாது. காடாம்புலியூரிலிருந்து வந்த பலாப்பழத்தை அறுத்துச் சுளையெடுத்துக்கொண்டிருந்தேன்.

"கையெல்லாம் பிசுக்கு மச்சான்" என்று உண்மையைச் சொன்னேன்.

"எண்ணெயத் தடவிக் கழுவிட்டு வண்டிய விடுங்க. எத்தன சுளை தின்னீங்கன்னும் அது சொல்ற மாதிரி பொண்ண எழுதச் சொல்றேன்!"