கூட்டி வைத்த துரவு

தலவிலத் தேவாலயத் திருநாள் கூட்டம் கலைந்த அடுத்த வியாழக்கிழமை அது. நாள் குறிக்கும் பழக்கம் எனக்கு உண்டு, கிழமையில் ஐயமில்லை.

எங்கள் ஊரின் வெங்காயத் தோட்டங்கள் முடிந்து கடற்கழியான களப்பு தொடங்குவதற்குள் புதர் மண்டிய ஒரு பற்றைக்காடு இருக்கிறது. பாலையும் வீரையும் உடைமரமும் நிற்கும். நடுவில் ஒரு துரவு. பழைய காணி உறுதிகளில் 'கிணறு துரவு' என்று சேர்த்தே எழுதியிருப்பார்கள். கட்டுச்சுவர் இல்லாமல் நாலு பக்கமும் சரிந்த மணற்குழிதான் துரவு. கால் உள்ள எதுவும் இறங்கிக் குடிக்கலாம்.

கோடையில் சரிகிற மணலை வீட்டுக்கு வீடு முறை வைத்து அள்ளுவோம். பிற்பகலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகு மனிதர் யாரும் அதில் தண்ணீர் எடுப்பதில்லை. அதற்குப் பிறகு காட்டின் முறை. இந்த ஏற்பாடு எப்போது தொடங்கியது என்று நான் பலரிடம் விசாரித்தேன். ஆளுக்கொரு காலம் சொன்னார்கள்.

இந்தக் காட்டை வெளியூரார் ஒருவர் அரசிடம் இறால் பண்ணைக்குக் கேட்டிருந்தார். ஊர்ப் பொதுக்காணியாக எழுதித் தரும்படி நாங்களும் கேட்டிருந்தோம். காணியைப் பார்க்க வரும் அதிகாரி, பாவனையில் இல்லாத தரிசு என்று எழுதினால் காடு பண்ணைக்குப் போய்விடும். ஆட்டுக்கு மேய்ச்சலும் அடுப்புக்கு விறகும் துரவும் அதோடு போகும்.

காட்டையும் துரவையும் பார்த்துக்கொள்ளும் ஊர்க்குழுவின் தலைவி என் மூத்த சகோதரி, ராத்தா. அதிகாரி வருகிற அந்த வியாழக்கிழமை காலையில் சுபஹு தொழுதுவிட்டு, பெண்களைக் கூட்டிக்கொண்டு போனாள். விருந்தாளி வருகிறார் என்றால் மணல் முற்றத்தை ஈர்க்கு விளக்குமாற்றால் வரிவரியாகக் கூட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். துரவின் சரிவையும் அப்படியே கூட்டிவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அதிகாரி சிலாபத்துக்காரர். தமிழும் சிங்களமும் அவருக்கு ஒன்றுபோல வரும். சுற்றிவந்து பார்த்தார்.

"மிருகம் தண்ணி குடிக்க வாற இடம் எண்டு எழுதியிருந்தீங்க. ஒரு கோழிக்கால்கூட இல்லையே, அக்கா?"

ராத்தாவின் முகம் சுருங்கிப் போனது. "நீங்க வாறீங்கண்டு கூட்டினோம், சேர்."

"கலியாண வீடு மாதிரி," என்றார் மச்சான். ராத்தாவின் கணவர். அவரை யாரும் கேட்கவில்லை.

"நான் கண்டதைத்தான் எழுதலாம்," என்றார் அதிகாரி.

ராத்தா கூட்டிய சரிவைக் கைகாட்டினாள். "அப்ப கூட்டினதையும்தானே கண்டீங்க? நாளைக்கு வெள்ளனக்கு வாங்க சேர். எழுதாத பலகை போலக் கிடக்கு. ராவைக்கு ஆர் வந்தாலும் எழுதிட்டுப் போகும்."

அவர் சிரித்தார். மறுநாள் கற்பிட்டியில் வேலை இருந்ததால், போகும் வழியில் வருவதாகச் சொன்னார்.

அன்று மாலை ஊரில் எல்லா ஆடுகளும் கட்டப்பட்டன. மச்சானுக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"ஒண்டும் வராட்டி? ரெண்டு கழுதையைப் புடிச்சி விடுவமா? புத்தளத்தில கழுதைக்கா பஞ்சம்?"

"ஒரு கழுதையோட நான் படுறதே போதும்," என்றாள் ராத்தா. "பொய்க்கால் ஒண்டு வெச்சா நெசக்கால் எல்லாம் பொய்யாப் போகும். பேசாம இரிங்க."

காலையில் அதிகாரி சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் குந்தினார். மயில் இறங்கி ஏறியிருந்தது. முயல் பாதி வழியில் திரும்பியிருந்தது. முள்ளம்பன்றி தன் முட்களை இழுத்துக்கொண்டு போன கோடுகள் விளக்குமாற்று வரிகளைக் குறுக்கே வெட்டின. நரியின் கால்களும் நீர்வரை போயிருந்தன. எல்லாவற்றையும் படம் எடுத்தார்.

நீரோரத்தில் இன்னொரு தடம். வட்டமானது, நகம் பதியாதது, என் உள்ளங்கையில் பாதி இருக்கும். யாருக்கும் தெரியவில்லை.

"நாய்," என்றார் மச்சான்.

"நாய்க்கு நகம் பதியும்," என்றேன். புத்தகத்தில் படித்தது.

"நகம் வெட்டின நாயாக்கும்."

அதிகாரி தடத்தின் பக்கத்தில் தன் பேனையை வைத்து அளந்தார், எழுந்தார், திரும்பவும் குந்தினார். கற்பிட்டி வேலை அவருக்கு மறந்தே போயிற்று. வெயில் ஏறி மணல் உதிரத் தொடங்கிய பிறகுதான் சப்பாத்தைத் தேடினார்.

மாரி தொடங்கிய பிறகு ஒருநாள் ராத்தாவுக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அக்கா, அந்தக் கால் ஆருடையது எண்டு தெரிஞ்சுதா?"

"காணி ஆருடையது எண்டு தெரிஞ்சுதா, சேர்?"

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "பண்ணைக்குக் குடுக்கிறதில்லை எண்டு முடிவாயிட்டு. உங்கட ஊருக்கு எழுதுறது இன்னும் முடியல்ல."

ராத்தா தலைமுந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "அல்ஹம்துலில்லாஹ். பாதி சொல்லிட்டீங்க, நானும் பாதி சொல்றன். பூனைச் சாதி. எந்தப் பூனை எண்டது, நீங்க மத்தப் பாதியோட வரக்குள்ள."