கோவா ஓட்டலுக்கு ஒரு மாதிரி அறை

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஒரு குடும்பம் கோவாவில் கேசினோ ஓட்டல்கள் கட்டி நடத்துகிறது. சூதாட்ட மண்டபமும் தங்கும் அறைகளும் ஒரே கட்டடத்தில் இருக்குமாம். பெரியவர் காலமான பிறகு அவர் மனைவிதான் கம்பெனிக்குத் தலைமை. அவரை நாங்கள் பெரியம்மா என்போம். இரண்டு மகன்களும் கட்டட வேலையைப் பார்க்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தச்சு வேலைக்கு வந்தவன். அவர்கள் வீட்டுக் கதவு, அலமாரி எல்லாம் என் கை வேலை.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புது ஓட்டல் கட்டும் முன்பு, அதில் வரப்போகும் அறை ஒன்றை அளவு பிசகாமல் ஏலக்காய் மூட்டை அடுக்கும் தங்கள் பழைய கிட்டங்கிக்குள் கட்டுவார்கள். கட்டில், விளக்கு, ஏசி எல்லாம் இருக்கும். பெரியம்மா மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து அதில் படுப்பார். தூங்கிவிட்டால், அந்த அறையைச் செய்த ஆளுக்கே ஓட்டலின் எல்லா அறைகளின் மரவேலையும். தூக்கம் வராவிட்டால் பிரித்துப் போட்டுவிட்டு வேறு ஆளைப் பார்ப்பார்கள். எப்போதும் மும்பைக்காரர்கள்தான் செய்தார்கள். போன வருடம் எனக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தேறினால் எனக்கும் என்னோடு இருக்கும் ஐந்து பேருக்கும் இரண்டு வருட வேலை.

கேசினோ என்றால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை. கேட்கக் கூச்சம். என் மனைவியின் தம்பி என்னிடம்தான் வேலை பார்க்கிறான். அவனுக்குக் கூச்சமே கிடையாது. வரைபடத்தை விரித்து வைத்துச் சின்ன மகனிடம் கேட்டான்.

“என்னண்ணே, ஆடுற ஹாலுல ஒரு ஜன்னலக் கூடக் காணோம்?”

“அங்கன ஜன்னலும் கிடையாது, கடிகாரமும் கிடையாது.”

“அப்ப சாப்பாட்டு நேரம் எப்படித் தெரியும்?”

“தெரியக் கூடாதுன்னுதான்.”

“எங்க மச்சான் பசிச்ச ஒடனே எந்திரிச்சு வந்துருவாக. இவுகள உள்ள விட்டா உங்களுக்கு நட்டம்.”

சின்ன மகன் சிரித்தார். நான் பிளைவுட்டை அளப்பது போல் குனிந்துகொண்டேன். ஆனால் அன்றிலிருந்து, பொழுது தெரியாமல் ஆடிவிட்டு வரும் அந்த ஆள் நினைப்பாகவே இருந்தது. சட்டையை எங்கே மாட்டுவான்? இருட்டில் அவன் கை எங்கே தடவும்? அந்த உயரத்தில் சுவிட்சை வைத்தேன். முட்டி இடிக்காமல் இருக்கக் கட்டிலின் மூலைகளை உருட்டி இழைத்தேன். தலைமாட்டுக்கு மேலே அகலமான ஒரு பலகை வரைபடத்தில் இருந்தது. அதன் மேல் மறைத்து வைத்த விளக்கு கூரைக்கு வெளிச்சம் அடிக்கும். அதையும் அடித்து முடித்தேன்.

பெரியம்மா வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தோம். குறட்டை கேட்கிறதா என்று மைத்துனன் கதவில் காதை வைத்துப் பார்த்தான். ஏசி சத்தம் மட்டும்தான் என்று உதட்டைப் பிதுக்கினான்.

முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்தார்.

“தூக்கம் வரல. என்னமோ உறுத்துது. என்னன்னு சொல்லத் தெரியல.”

பெரிய மகன் போனை எடுத்தார். “அப்ப மும்பைக்காரகளையே வரச் சொல்லிரவாம்மா?”

“இருடா. ஏப்பா ஆசாரி, நீ இதுல படுத்துப் பாத்தியா?”

“இல்லம்மா. நான் எப்படி...”

“செஞ்சவன் படுக்க மாட்டான், நான் மட்டும் படுக்கணுமாக்கும். போய்ப் படு.”

குழாயில் காலைக் கழுவிவிட்டு வந்து மரக்கட்டை மாதிரி நீட்டிப் படுத்தேன். கண்ணுக்கு நேரே அந்தப் பலகையின் அடிப்பக்கம். நான் எல்லாவற்றையும் நின்றுகொண்டே பார்த்திருக்கிறேன். நிற்கிறவனுக்கு அடிப்பக்கம் தெரியாது என்று மைக்கா ஒட்டாமல் வெறும் பிளைவுட்டாக விட்டிருந்தேன். அதில் நான் பென்சிலால் போட்ட அளவுக் கணக்குகள். ஒரு கழித்தலைத் தப்பாகப் போட்டு, அடித்து, மறுபடி போட்டிருந்தேன். கண்ணை மூடினாலும் அது சரிதானா என்று திறந்து பார்க்கத் தோன்றியது.

ஏசி சத்தம்தான் காரணம் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எழுந்து வந்து, “பலகைக்கு அடியில பாருங்கம்மா, என் தப்புதான்” என்றேன்.

பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்து பார்த்தார்.

“கண்ணாடி இல்லாம இதத்தான் படிக்கப் பாத்துக்கிட்டே கிடந்திருக்கேன்.”

“தோத்துட்டு வந்து படுக்குறவனுக்குத் தலைக்கு மேல கழித்தல் கணக்கு” என்றான் மைத்துனன். மகன்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கும் வாய் திறந்துகொண்டது.

“தோத்தவக தூங்குவாகளாம்மா?”

“அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவாக. ஜெயிச்சவகதான் பொரண்டு பொரண்டு படுத்துட்டு, மறுபடி ஆடப் போயிருவாக. நாளைக்கு வர்றேன். சரி பண்ணி வையி.”

பலகையைக் கழற்றி, அடியை இழைத்து, மைக்கா ஒட்டி மாட்டினோம். மறுநாள் மதியம் பெரியம்மா வந்து படுத்தார். கொஞ்ச நேரத்தில் கதவோரம் நின்ற மைத்துனன் கையைத் தூக்கினான். நாங்கள் போய்க் கேட்டோம். நல்ல குறட்டை.

பெரிய மகன் செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்தார். “மாசத்துக்கு எத்தன அறை முடிப்பீக?” என்று காதோடு கேட்டார்.

சத்தம் போட்டால் விழித்துக்கொள்வார் என்று பயந்து எட்டு விரலைக் காட்டினேன். மைத்துனன் பின்னாலிருந்து கையை நீட்டி அதில் இரண்டை மடக்கிவிட்டான்.